மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்றவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். எழுத உட்காருவேன். மாவு அரைக்க வேண்டும், விளக்குத் திரி போட வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி எழுந்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் பிழை வருமோ என்ற பயம் ஒரு பக்கம். கட்டிய புருஷனின் முகத்தைப் பற்றி ஊரறிய எழுதுவதா என்ற கூச்சம் அதைவிடப் பெரியது. போன வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் சன்னிதியில் நின்று, "ஆத்தா, நடந்ததை மட்டும் எழுதுறேன், பக்கத்துல இரு" என்று சொல்லிவிட்டு வந்துதான் ஆரம்பிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சாத்தூரை ஒட்டிய ஒரு மரக் கம்பெனியில் பீலிங் மிஷின் ஓட்டினார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உருளையாக அறுத்த மரத்துண்டை இரண்டு பக்கமும் இரும்புப் பற்கள் கவ்விக்கொண்டு சுற்றும். எதிரே நீளக் கத்தி ஒன்று மெள்ள மெள்ள நெருங்கி வரும். மரம் சுற்றச் சுற்ற, சுருட்டிய பாய் விரிவதுபோல் மெல்லிய தாளாக உரிந்து வெளியே வரும். அந்தத் தாளுக்கு வெனீர் என்று பேர். அப்போது தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் பெட்டி செய்ய அதுதான் போகும். மிஷினுக்கு இந்தப் பக்கம் ஓட்டுகிறவர் நிற்பார். அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று, வரும் தாளைக் கையில் வாங்கி மேஜை மேல் இழுத்து விட வேண்டும். எங்கள் மூத்தவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் நின்றது நான்.

மிஷின் சத்தத்தில் பேச முடியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் என் கை ஓடும். தாடையைத் தூக்கினால் இழு. உதட்டை மடித்தால் மரத்தில் கணு வருகிறது, கையை எடு. இடது புருவம் ஏறினால் தண்ணீர் வேண்டும். இதையெல்லாம் அவர் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நின்று நின்று வந்தது. அது அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடுகையில் புருவம் ஏறும், சொம்பு போய் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை, "ஏத்தா, உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாதா? ஒரு சத்தத்தையும் காணோமே" என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பேசிப் புரியவைக்க வேண்டிய குடும்பங்கள் வேறு, எங்கள் குடும்பம் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அட்டைப் பெட்டி வந்துவிட்டது. மரப்பெட்டிக்கு ஆர்டர் சுருங்கிப்போனது. எங்கள் முதலாளி பரம்பரையாக மரக்கடை வைத்திருந்த பாய் வீட்டு ஆள், யோசிக்கிறவர். சின்ன மிஷினை விற்றுவிட்டு, கெட்டி மரம் உரிக்கிற பெரிய மிஷின் ஒன்றை இறக்கினார். பிளைவுட் கம்பெனிக்காரர்களுக்குத் தைலமரத்தில் வெனீர் வேண்டியிருந்தது. கிரேன் வைத்து இறக்கினார்கள். எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, முதல் மரத்தை ஏற்றியபோது தகரச் செட்டுக்குள் தரை அதிர்ந்தது என் பாதத்தில் தெரிந்தது.

மேஜை என் நெஞ்சுக்கு வந்தது. வந்த தாள் நான் கையை விரித்தாலும் அடங்காத அகலம், ஈரத்தோடு நல்ல கனம். முதலாளி பார்த்தார்.

"அக்கா, நீங்க வெளிய காயப்போடுற பக்கம் பாத்துக்கங்க. கூலியெல்லாம் ஒண்ணும் குறையாது" என்றார்.

கூலியைப் பற்றி யார் கேட்டார்கள்? நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் இடத்துக்குக் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒருத்தியைப் போட்டார்கள். முன்னே பயர் ஆபீஸில், பட்டாசுக் கம்பெனியில், வேலை பார்த்தவள். நல்ல உயரம், எலும்பான உடம்பு, முன்பல் கொஞ்சம் தூக்கல், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். புருஷன் லோடு வண்டி ஓட்டினான். அவள் அழகியாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வேதனை இருந்திருக்காது. அழகு என்றால் ஆம்பளை நாலு நாள் பார்ப்பான், சலித்துப்போகும் என்று மனசைத் தேற்றியிருப்பேன். இவள் அவரைப் பார்த்தது வேலைக்காக. காலையிலிருந்து சாயங்காலம் வரை, கண் எடுக்காமல், அவர் முகத்தை. அவரும் அவளை.

என் வீட்டுக்காரரை "அண்ணே" என்பாள், என்னை "மதினி" என்பாள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாததுதான் எனக்கு நெஞ்செரிச்சல்.

வெளியே களத்தில் கயிறு கட்டி வெனீரைக் காயப்போடுவோம். செட்டின் பெரிய கதவு திறந்தே இருக்கும். அங்கிருந்து பார்த்தால் மிஷினும் இரண்டு பேரும் தெரிவார்கள். வந்த தாள் ஒவ்வொன்றையும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் கிழிசல் தேடுவேன். என்னோடு வேலை பார்த்த பெண்கள், நான் வேலையில் சுத்தம் என்று நினைத்தார்கள். கிழிசல் இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். முதல் வாரம் இருந்தது. அப்புறம் குறைந்தது. அப்புறம் ஒரு தாள் பாக்கியில்லாமல் முழுசாக வர ஆரம்பித்தது. அவள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அந்தத் தாளிலேயே எழுதி அனுப்பின மாதிரி இருந்தது எனக்கு.

செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தேன். கோயிலில் நின்றால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் போக வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அவள் பிள்ளைகளும் அந்தக் கூலியில்தான் சாப்பிடுகின்றன. கடைசியில், "ஆத்தா, என்னை ஒரு சாண் உயரமாக்கு" என்று கேட்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டார்கள். சத்தமாகவே கேட்டிருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, செட்டுக்குள்ளேயே எல்லோருக்கும் இலை போட்டார்கள். ஆம்பளைகள் முதல் பந்தி. நான் பொரியல் வைத்துக்கொண்டு வந்தேன். வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு இடது புருவம் ஏறியது. பொரியல் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஒரு சொம்பு அவர் இலைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அவள் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. லாரி டிரைவர் ஒருவர் கவனித்துவிட்டார்.

"பாத்தீகளாப்பா. நாம தொண்டை கிழியக் கத்துனாலும் ஒரு டம்ளர் வரமாட்டேங்குது. இவுகளுக்கு ஒரு புருவம் ஏறுனா ரெண்டு சொம்பு வருது."

"ரெண்டு புருவமும் ஏத்தச் சொல்லுங்கண்ணே, பாயசம் வருதான்னு பாப்பம்" என்றான் இன்னொருத்தன்.

பந்தி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், ஒரு களங்கமும் இல்லாமல். என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே போய்ப் பொரியல் வாளியை எடுத்தேன். அடுத்த இலையில் இரண்டு மடங்கு பொரியல் விழுந்தது.

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன். "முதலாளி, என்னைய ஒரு நாள் மிஷின்ல நிக்க வைங்க. எனக்குத் தெரியாத வேலையா அது?"

"மேஜை எட்டாதே அக்கா."

"பலகை போட்டுக்கிடுதேன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். அவள்தான், "நிக்கட்டும் முதலாளி, எனக்கும் கை கடுக்குது. மதினிக்கு இல்லாத பழக்கமா" என்றாள். அவள் தயவில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்த நாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, பலகை மேல் ஏறி நின்றேன். வெந்நீர்த் தொட்டியில் ஊறிய தைலமரம் ஆவி பறக்க ஏறியது. மிஷின் சுற்றியது. தாள் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனை நாளாயிற்று அந்த இடத்திலிருந்து அந்த முகத்தைப் பார்த்து. தாடை தூக்கினார். இழுத்தேன். தாள் குறுக்கே கிழிந்தது.

முதல் தாள், போகட்டும் என்று நினைத்தேன். மறுபடி தாடை தூக்கினார். இழுத்தேன். கிழிந்தது. அவர் தலையை ஆட்டினார். இன்னும் பலமாக இழுக்கச் சொல்கிறார் என்று நினைத்து இழுத்தேன். பாதித் தாள் என் கையோடு வந்துவிட்டது. அவர் கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்தார். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி ஒன்றை அவர் முகத்தில் நான் பார்த்ததே கிடையாது. அவர் என் தோளுக்கு மேலே, பின்னால் பார்த்தார்.

பின்னால் அவள் நின்றிருந்தாள். கிட்டே வந்து என் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"மதினி, தாடையைத் தூக்குனா கையை விட்ருங்க. கெட்டி மரம், இழுத்தா வெடிச்சுப்போகும், அது தானா வரணும். கண்ணை மூடுனா கத்தி மழுங்கிருச்சுன்னு அர்த்தம், ஒதுங்கிக்கங்க. உதட்டை மடிக்கது மட்டும் பழசுதான்."

பழசு என்றாள். எங்களுடைய பழசு என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் புருஷன் முகத்தை எப்படிப் படிப்பது என்று எனக்கு இன்னொருத்தி சொல்லித் தருகிறாள். அதுவும் அக்கறையோடு. அன்றைக்கு இருந்ததுபோல் ஒரு எரிச்சல் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு இருந்ததில்லை. மத்தியானம் வரை அவள் சொன்னபடி செய்தேன். தாள் முழுசாக வந்தது. ஒவ்வொரு முழுத் தாளும் அவள் சொன்னது சரி என்று சொல்லிக்கொண்டே வந்தது. மத்தியானச் சோற்றுக்கு மிஷின் நின்றதும், பலகையிலிருந்து இறங்கி, "எனக்கு முதுகு வலிக்குது" என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டேன். களத்தில் என் கிழிசல்களைத் தூக்கிப் பிடித்து யாரும் பார்க்கவில்லை. அவர்கள் நல்லவர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவருக்குச் சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டார். இடது புருவம் ஏறியது. நான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மறுபடி ஏற்றினார். விக்கல் வந்தது. அப்போதும் அசையவில்லை.

"என்ன புள்ள?" என்றார்.

"இனிமே இந்த வீட்டுல புருவத்துக்குத் தண்ணி கிடையாது. வாயத் தொறந்து கேளுங்க."

"விக்குதுல்ல."

"விக்கட்டும். கம்பெனில அவ பாத்துக் குடுக்கா, குடிங்க. இங்கன கேட்டாத்தான் வரும்."

விக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகத்தில் ஏதேதோ ஓடியது. அதை நான் படிக்க மாட்டேன் என்று பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை தொங்கும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி குடு" என்றார்.

கொடுத்தேன். மறுநாள் "ரசம்" என்றார். "ரசம் என்ன?" என்றேன். "ரசம் ஊத்து" என்றார். மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்படியே போனது. முதலில் சோற்றுக்கு மட்டும் பேசினார். பிறகு எரிச்சலில் பேசினார், "உப்புப் பத்தலைன்னுகூட ஒரு மனுசன் முழு வாக்கியமாச் சொல்லணுமா?" என்று. அதையே முழு வாக்கியமாகத்தான் சொன்னார்.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பழைய நானாக இருந்தால் எழுந்து தட்டை எடுத்திருப்பேன். அவராகவே சொன்னார்.

"அந்த மிஷின் முன்னால நிக்கையில எனக்குப் பயமா இருக்கு. முத வாரம் ஒரு கட்டை பிடியில இருந்து துள்ளி விழுந்துச்சு. எனக்கும் அவளுக்கும் நடுவுல போயி விழுந்துச்சு. நல்லவேளை நீ அங்கன இல்லைன்னு நெனச்சேன். தினம் காலைல மரத்தை ஏத்தும்போது அந்தக் கட்டைதான் கண்ணு முன்னால வருது."

"எங்கிட்ட சொல்லலியே."

"எப்படிச் சொல்றது?"

உண்மைதான். அதற்கு எங்களிடம் ஒரு சைகை இருந்ததில்லை. அத்தனை வருஷம் அவர் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறேன். தண்ணீர், கணு, இழு, இதற்கு மேல் நான் அதில் ஒன்றும் பார்த்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து இன்னும் கொஞ்சம் பேசினார். சின்ன வயசில் கிணற்றுக்கு வெடி வைக்கும்போது கல் பறந்து வந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டேன்.

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

"அவளுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார்.

அந்த வார்த்தையை எத்தனை நாள் மென்றுகொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். மறுநாள் களத்திலிருந்து செட்டைப் பார்த்தேன். அவள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். பார்த்துக்கோ, உனக்குத் தாடை தெரியும், கண் தெரியும், அவர் பயம் தெரியாது என்று மனசுக்குள் சொன்னேன். நல்ல எண்ணம் இல்லைதான். ஆனால் நன்றாக இருந்தது. மரம் ஏற்றும் நேரத்தில் மட்டும், என்னை அறியாமல், இரண்டு பேருக்குமே ஆத்தாளைக் கூப்பிட்டேன்.

பிறகு அவள் குடும்பம் சூலக்கரைப் பக்கம் போய்விட்டது. என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தவர் இன்றைக்கும் நிறுத்தவில்லை. சில நாள் போதும் என்று ஆகிவிடும். ஆனாலும் யாராவது அவளைப் பற்றிப் பேச்செடுத்து, "நல்ல வேலைக்காரி" என்று அவர் சொன்னால், எனக்கு இன்றும் அடுப்பில் வேலை வந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணையும் ஒரு ஆம்பளையையும் பற்றி ஒரு சொல் விழுந்தால், தெருமுனை திரும்புவதற்குள் அது வேறாகிவிடும். யாரிடமாவது இதைச் சொல்வதாக இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அவள் மேல் ஒரு தப்பும் ஏற்றாதீர்கள், அவர் மேலும் ஏற்றாதீர்கள். நான் பொறாமையை விட்டுவிட்டேன் என்று நல்ல முடிவாக எதையும் சேர்த்துவிடவும் வேண்டாம்.