தலைமை விருந்தினர் வரும்வரை

காலை ஏழு ஐம்பதுக்கு என் மகளின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருப்பதைப் பார்த்தேன். ஜனவரி மாதம். இந்தியா கேட் புல்வெளியில் எல்லோரும் குளிரில் வாயால் ஆவி விட்டுக்கொண்டு நின்றார்கள். இவளுக்கு மட்டும் வியர்த்தது.

சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்காக நிதி திரட்டும் நடைப்பயணம் அது. அவளுக்கு ஒன்பது வயது. நோய் வந்து இரண்டு வருடம். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று பேரும் ஸ்கூட்டரில் வந்திருந்தோம். ஏழரைக்கு நடை, ஏழே காலுக்கு அங்கேயே சிற்றுண்டி என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அச்சடித்த காகிதத்தை நம்பிப் பழகிய குடும்பம் எங்களுடையது. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, ஆறே முக்காலுக்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுவிட்டேன். போட்ட அரை மணிக்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி முதலில் வியர்க்கும், பிறகு நினைவு தப்பும்.

பொட்டலங்கள் வந்திருந்தன. மேஜைமேல் அடுக்கி வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"சீஃப் கெஸ்ட் வரட்டும் பெஹன்ஜி. முதல் பொட்டலம் அவர் கையாலதான்" என்றார் பேட்ஜ் குத்திய பெண்மணி. நான் திரும்பி வந்தேன்.

"வந்துடுவார். சீக்கிரம் வந்தா அவரு பெரிய மனுஷனா?" என்று சிரித்தார் என் கணவர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வியர்வையைப் பார்த்ததும் கை தானாகப் பைக்குள் போனது. குளுக்கோஸ் பொட்டலம் இல்லை. இரண்டு வருடமாக அந்தப் பையை விட்டு அது அகன்றதில்லை. அன்று காலை நானேதான் எடுத்து அலமாரியில் வைத்தேன். இனிப்பாக ஊட்டி ஊட்டித்தான் பெண்ணுக்கு நோயை வரவழைத்தேன் என்று காலனியில் ஏற்கெனவே பேச்சு. சர்க்கரை நோய் நடைக்கு வந்த இடத்தில் யார் கண்ணிலாவது அது பட்டால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இதெல்லாம் நடந்து மூன்று வாரமாகிறது. விரல் இப்போதும் பையின் அந்த மூலையைத்தான் தடவுகிறது.

மேஜைக்கு ஓடித் துணியை இழுத்துப் போட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. அரை மணி முன்னால் எடுத்திருந்தாலும் தடுத்திருக்கமாட்டார்கள். உள்ளே ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். அவளால் மெல்ல முடியவில்லை. கடைவாயில் வழிந்தது. கால்கள் மடங்கின.

புல்வெளி ஓரத்தில் நின்ற டீக்காரரிடம் ஓடினேன். "பையா, சீனி! ஜல்தி!"

அவர் கையை விரித்தார். "இன்னிக்குச் சீனி பந்த், பெஹன்ஜி. கொண்டு வராதேன்னு உங்காளுங்கதான் சொன்னாங்க."

அத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லை. என் கணவர் சாலையைத் தாண்டி ஓடினார். வேர்க்கடலை வண்டியிலிருந்து எள்ளும் வெல்லமும் சேர்த்துத் தட்டிய கஜக் மிட்டாயை அள்ளிக்கொண்டு வந்தார். அதைப் பொடித்து அவள் உதட்டில் வைத்தேன். அவள் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள்.

"நோ, தேங்க் யூ ஆன்ட்டி" என்றாள் குழறலாக.

நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. யார் இனிப்பு நீட்டினாலும் அப்படிச் சொல்லவேண்டும் என்று இரண்டு வருடமாகப் பழக்கியிருந்தேன். கண் என் மேல்தான் இருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

"அம்மாடா. அம்மாதான் சொல்றேன், சாப்பிடு."

"அம்மா திட்டுவாங்க."

"திட்டமாட்டேன்டா. சத்தியமா திட்டமாட்டேன்."

விரலை உள்ளே விட்டு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் வெல்லத்தைத் தேய்த்தேன். கடித்தாள். நான் விரலை எடுக்கவில்லை. மறுபடி தேய்த்தேன். கணவர் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு தொண்டை அசைந்தது. ஒருமுறை விழுங்கினாள். கொஞ்சம் கழித்து, "அம்மா, ஏன் அழறே?" என்றாள்.

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. வெள்ளை அம்பாசடரிலிருந்து தலைமை விருந்தினர் இறங்கினார். பேட்ஜ் பெண்மணி அவரை எங்களிடம் அழைத்து வந்து, இந்தக் குழந்தைக்கும் இந்த நோய்தான் என்றார். அவர் குனிந்தார். என் மடியில் கிடந்தவளின் உதட்டில் ஒட்டியிருந்த வெல்லத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தட்டி, அன்பாகத்தான், இந்தியில் கேட்டார்:

"என்ன பாப்பா, மிட்டாய் ரொம்பச் சாப்பிட்டுட்டியா?"