மருந்துச் சீட்டின் மேல் ஒரு கை

உம்மே ஹானிக்குத் திமிர் என்று சொல்கிறவர்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு அறை விட வேண்டும் என்று எனக்குப் பல வருடங்களாக ஆசை. ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் இருப்பதால் அறைவதில்லை. கத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆழ்வார்பேட்டையில் பெரிய சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதை ஒட்டி ஒரு மருந்துக் கடை. எட்டு வருடமாக அங்கே பார்மசிஸ்டாக இருப்பவள் உம்மே ஹானி. ராயப்பேட்டையில் வீடு, எட்டாவது படிக்கும் இஃப்ரா என்று ஒரு பெண். அப்பா அப்துல் கரீம் தையல்காரர். இரண்டு அறை வீட்டில் மூன்று தையல் மெஷின்கள் ஓட, அதற்கு நடுவே உட்கார்ந்து படித்துத்தான் டி.பார்ம் முடித்தாள். மெஷின் நின்றால்தான் படிப்பு ஓடாது என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும் மேசையில் வைத்து அதன் மேல் இடது கையை விரித்து வைத்துக்கொள்வாள். அந்தக் கை அங்கே இருக்கிற வரை வேறு யாருக்கும் பதில் கிடையாது. சீட்டைப் படிப்பாள், அட்டையை எடுப்பாள், பெயரையும் தேதியையும் பார்ப்பாள், வேண்டியதைக் கத்தரியால் வெட்டுவாள், கவரில் எழுதுவாள், உள்ளே போட்டு ஸ்டேப்ளர் அடிப்பாள். பிறகு எழுதியதை உரக்கப் படித்து, வாங்க வந்தவரைத் திருப்பிச் சொல்ல வைப்பாள். அதன் பிறகுதான் கையை எடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்த்து, "சொல்லுங்க" என்பாள். ஃபோன் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். வேலை நேரத்தில் அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

இதைத்தான் இந்த ஜனங்கள் திமிர் என்கிறார்கள். ஒரு மருந்துக் கடையில் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கழுத்தறுப்பார்கள் என்று நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். "மேடம், ஒரே ஒரு நிமிஷம்" என்று மற்றவர் தோளுக்கு மேலே கையை நீட்டுவான் ஒருத்தன். ஃபோனில் எவனோடோ சண்டை போட்டுக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், காலி அட்டையைத் தூக்கிக் காட்டுவாள் ஒருத்தி. மருந்தே வாங்காமல் இருமலுக்கு வைத்தியம் கேட்டு அரை மணி நிற்பார் ஒரு ரிட்டயர்டு ஆபீசர். ஸ்பீக்கரில் வீடியோ ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்குக் கணக்கே இல்லை. சீட்டில் இருப்பது தன் அம்மாவின் உயிர் என்று எவனுக்காவது உறைக்கிறதா? சீக்கிரம் கொடு, அவ்வளவுதான்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒருத்தர் முதலாளி ஹபீபுர் ரஹ்மான். அவருக்குத் தி.நகரில் இன்னொரு கடை. அங்கே உட்கார்ந்துகொண்டு கேமரா வழியாக இங்கே நடப்பதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் பரவாயில்லை. கடை ஃபோனை அடிப்பார். "ஏம்மா ஹானி, மூணு பேரு நிக்கறாங்க பாரு, தலையத் தூக்கிப் பாரும்மா. இப்பிடி உம்முனு இருந்தா எல்லாரும் ஆன்லைன்ல வாங்கிடுவாங்க." அவள் கையை எடுக்காமல், ஃபோனையும் எடுக்காமல், வேலை முடிந்த பிறகு கூப்பிட்டு, "சொல்லுங்க பாய்" என்பாள். குரலில் ஒரு பொட்டுக் கோபம் இருக்காது. அந்தக் கோபத்தையும் சேர்த்து நான்தான் படவேண்டியிருக்கிறது.

அந்தப் புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் முதலில் என் கடைக்கு வந்தார். பெயர் சுவாமிநாதன் என்று பிறகு தெரிந்தது. மனைவியின் மருந்துச் சீட்டு, இன்ஷூரன்ஸுக்கு நகல் வேண்டும் என்றார். முதல் நகல் கோணலாக விழுந்து கீழ்ப்பாதி வரவே இல்லை. கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துக் கடைக்குப் போனார்.

அந்த அம்மாளுக்கு மூட்டு வீக்கம். டாக்டர் முதல் தடவையாக ஒரு மாத்திரை எழுதியிருந்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும் போட வேண்டியது. மற்ற ஆறு நாளும் போட ஒரு சத்து மாத்திரை. இரண்டும் மஞ்சள், இரண்டும் பொடிசு. வாரத்துக்கு ஒன்று போட வேண்டியதைத் தினமும் போட்டால் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும், ஆள் பிழைப்பது கஷ்டம். இதெல்லாம் உம்மே ஹானி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் கை சீட்டின் மேல் இருந்தது என்பதுதான்.

ஒரு பெரிய கார் வந்து கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவன் இறங்கவில்லை. கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, ஹாரனை அழுத்தினான். அவள் நிமிரவில்லை. மறுபடி அழுத்தினான். "ஹலோ, தலைவலி மாத்திரை ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றான். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து போய் பானட்டில் ஓங்கித் தட்டினேன்.

"இன்னாடா, ஓட்டலா இது? ஏசி போட்டுக் குந்திக்கினு ஹாரன் அடிக்கற? கீழ எறங்கினா காலு தேஞ்சிடுமா? ஆளு வேல செஞ்சிக்கினு கீறது கண்ணுக்குத் தெரில?"

அவன் ஏதோ இங்கிலீஷில் சொன்னான். நான் அதற்கும் மேலே தமிழில் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் காரை எடுத்துக்கொண்டு போனதும், ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வந்து உட்கார்ந்தேன். பெரியவர் சண்டைக்குப் பயந்து கவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாகத் தெருவைக் கடப்பதைப் பார்த்தேன். உம்மே ஹானி அவரைக் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அடுத்தவர் சீட்டை நீட்டிவிட்டார்.

இரண்டு மணிக்கு, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் என் கடை வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, காலைல வந்த வேட்டி கட்டின பெரியவரு. அவருக்கு நான் படிச்சுக் காட்டல."

"அதனால இன்னாம்மா? படிச்ச மனுசன் மாதிரிதான் கீறாரு."

"ரெண்டு கவர்லயும் எழுதுன ஞாபகம் இருக்கு. உள்ள போட்ட ஞாபகம் இல்ல."

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அந்த இரண்டு மாத்திரைகளைப் பற்றிச் சொன்னாள். பில்லில் அவர் பெயர் மட்டும் இருந்தது. நம்பர் கொடுத்தால் விளம்பரமாக அனுப்புவீர்கள் என்று சொல்லித் தர மறுத்துவிட்டாராம். நான் கூடையைக் கவிழ்த்தேன். கசங்கிய நகலைப் பிரித்தால் மேல்பாதி தெளிவாக இருந்தது. நோயாளியின் பெயர், வயது அறுபத்தொன்பது, மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கம் ஒரு தெரு, வீட்டு எண். டாக்டரின் கிளினிக்குக்கு அடித்தோம். ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் கடை ஷட்டரை இழுத்தாள். இரண்டு நிமிடத்தில் ஹபீபுர் ரஹ்மான் கூப்பிடுவார் என்று இருவருக்கும் தெரியும். அவளுடைய ஸ்கூட்டியில் நான் பின்னால் உட்கார்ந்தேன், மயிலாப்பூர்ச் சந்து எனக்கு அத்துப்படி என்பதால்.

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு வழியை இரண்டாக்கி, இரண்டை அடைத்து, பலகை வைத்து, அம்புக்குறி போட்டு, அந்த அம்புக்குறியையும் ஒரு வேன் மறைத்துக்கொண்டு நின்றது. அங்கே ஒரு உயிர் போகப் போகிறது, இங்கே ஒருத்தன் நடு ரோட்டில் வண்டியை நிறுத்தி இளநீர் குடிக்கிறான். "யோவ்" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, வாய மூடிக்கினு உக்காருங்க. லெஃப்டா ரைட்டா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள், திரும்பாமலே.

எட்டு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. லெஃப்ட், ரைட் தவிர ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

வீடு முதல் மாடியில் இருந்தது. கதவைத் திறந்தவர் சுவாமிநாதன்தான். "யாரு? என்ன வேணும்?" என்றார்.

"சார், காலைல நான் குடுத்த மாத்திரை. கவர் மாறிப் போச்சோன்னு சந்தேகம். பாக்கணும்."

அவர் மனைவி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். விரல்கள் வீங்கி, டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் மேல் ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் மாத்திரை டப்பா. பெரியவர் ஒழுங்கானவர். வந்த உடனே கவரில் எழுதியதைப் பார்த்து, கிழமை வாரியாக நிரப்பிவிட்டிருந்தார். ஆறு அறைக்கு ஒரு கவரிலிருந்து, வியாழனுக்கு இன்னொரு கவரிலிருந்து. புதன் அறை காலியாக இருந்தது.

உம்மே ஹானி டப்பாவை வாங்கி, மிச்சமிருந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். மாறித்தான் இருந்தது.

"மாத்திப் போட்டுட்டேன் சார். தப்பு என்னோடது. மாமி இன்னிக்கு ஒண்ணுதான் போட்டாங்களா, வேற ஏதாச்சும் போட்டாங்களா?"

"ஒண்ணுதான், சாப்பிட்டப்புறம்" என்றார் அந்த அம்மாள்.

பெரியவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் வெடித்தார்.

"கொலை பண்ணப் பாத்தியா? படிச்சவதானே நீ? கவனம் எங்கே போச்சு? ஃபோனைப் பாத்துண்டு இருந்தியா? நாள் பூரா அதைத்தானே பாத்துண்டு இருக்கேள் எல்லாரும்! உன் லைசென்ஸைப் பிடுங்கலேன்னா பாரு!"

ஃபோனைப் பார்த்தாளாம். இழுப்பறைக்குள் எட்டு வருடமாகக் கிடக்கிற ஃபோனை. ஓய், என்ன தெரியும் உமக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு அறையாகத் திறந்து மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். வியாழன் அறையில் இருந்ததைத் தனியாக வைத்தாள். மற்ற அறைகளில் ஐந்து, அட்டையில் மிச்சம் எத்தனை, காலையில் வெட்டிக் கொடுத்தது எத்தனை என்று உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். பெரியவர் அவள் தலைக்கு மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார். அவள் எண்ணிக்கை தப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கோபம் வந்து நான் கத்தாமல் இருந்தது அன்றைக்குத்தான். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எண்ணி முடித்ததும், பெரியவரிடமிருந்த டாக்டரின் சொந்த எண்ணுக்கு அவளே பேசினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டர் அவளைத் திட்டியது எனக்கே கேட்டது. கடைசியில், ஒன்றோடு போனதால் பயமில்லை, அதை இந்த வாரக் கணக்காக வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு வேண்டாம், அடுத்த புதன் போட்டால் போதும், ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றார். அவள் புதுக் கவர்களில் பெரிய எழுத்தில் எழுதி, படித்துக் காட்டி, பெரியவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவர் முறைத்துக்கொண்டே சொன்னார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "சார், அந்தப் பொண்ணு ஃபோன் பாக்கல. நான்தான் அங்க சண்ட போட்டுக் கத்தினுருந்தேன், நீங்களும் பாத்தீங்க. அதுலதான்..."

"இல்ல சார்" என்று உம்மே ஹானி குறுக்கே வந்தாள். "போட்டது என் கை. வேற யாரும் இல்ல."

அந்த அம்மாள் அவளைப் பார்த்து, "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போயேன்ம்மா" என்றார். அவள் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

கீழே வண்டியருகே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஆளு அப்பிடிப் பேசறாரு, நீ இன்னாத்துக்குப் பொறுத்துக்கற? நான் கத்துனதாலதான்னு சொன்னா இன்னா? உனக்குக் கோவமே வராதா?"

"வருது. இப்பக்கூட வருது." குரல் உயரவில்லை. கண் சிவந்திருந்தது. "அவரு மேல இல்ல. அந்தக் கார்க்காரன் மேலயும் இல்ல. உங்க மேல."

வண்டியில் ஏறப் போன காலை நான் கீழே வைத்தேன்.

"அந்த ரோட்டுல எவன் ஹாரன் அடிச்சாலும் எனக்கு அது வெறும் சத்தம். பாய் கூப்புடறதுகூட சத்தந்தான். உங்க கொரல் அப்பிடியில்ல அண்ணா. நீங்க கத்துனா, ஐயோ பிரஷர் இருக்கற மனுசன், இன்னா ஆச்சோன்னு நிமிந்து பாத்துடறேன். காலைலயும் பாத்தேன். அந்த ஒரு தடவதான் பாத்தேன்." சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினாள். "இனிமே எனக்காகக் கத்தாதீங்க."

அந்த ஹாரன்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் அவன் எத்தனை தடவை அடித்தும் அவள் கை நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாளின் வயிற்றுக்குள் போன மாத்திரையை அங்கே அனுப்பியது நான்தான்.