சந்தியில் தொங்கிய இரண்டு பொனற்

கரம்பொன் இராசநாயகத்தின் கறுப்பு ஒஸ்ரின் கார் தீவுப்பகுதியில் பதினேழு வருடம் கலியாணக் காராக ஓடியது. நாள் குறிக்க முதல் அந்தக் கார் ஓய்வாக இருக்கிறதா என்று கேட்டு ஆள் அனுப்பிய வீடுகளும் உண்டு. அதைவிடப் புதிய கார்கள் ஊரில் இருந்தன. ஆனால் அந்தக் கறுப்பின் பளபளப்பு வேறெதிலும் இல்லை. மாப்பிள்ளைமார் அதன் கதவிலே பார்த்துத் தலைப்பாகை சரி செய்வார்கள்.

அந்தப் பளபளப்புக்காக அவர் பட்டபாடு கொஞ்சமில்லை. கடலுக்கு நடுவே போகிற பண்ணைப் பாலத்தால் ஓடி வந்த காரின் மேல் உப்பும் மணலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். காய்ந்த துணியை வைத்து ஒரு இழுவை இழுத்தால் போதும், அந்த மணலே பெயின்ற்றை அறுத்துவிடும். அதனால் அவர் சாட்டிக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து, மேலிருந்து கீழாக ஊற்றி, மணல் முழுக்க இறங்கும்வரை காரில் கை வைக்கமாட்டார். பிறகு பழைய வேட்டித் துண்டு, நிழல், மெழுகு. துண்டை வட்டமாகத் தேய்க்கவே மாட்டார். நேர்கோடாகத்தான் இழுப்பார். மனைவி ஞானசவுந்தரி ஒருமுறை பக்கத்து வீட்டில் இருந்த என்னிடம், “என்ரை முகத்தைக்கூட இந்தாள் இப்பிடிப் பாத்ததில்லை” என்று சொல்லிச் சிரித்தாள்.

1978இல் வேலணையில் சிவபாதம் முதலாளி கார் கழுவும் மிசினைக் கொண்டுவந்து இறக்கினார். தெற்கிலே கடை வைத்திருந்தவர். முந்திய வருட இனக்கலவரத்தில் கடை எரிந்துபோக, மிஞ்சியதோடு ஊருக்கு வந்து சேர்ந்தவர். கார் நின்ற இடத்திலே நிற்கும். மூன்று பெரிய நைலோன் புருசுகள் சுழன்று சுழன்று அதன் மேல் போய் வரும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

திறப்பு விழாவில் கழுவுகிற முதலாவது கார் ஊரறிந்த காராக இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. இராசநாயகத்திடம் வந்து கேட்டார்.

“ஏலாது, அண்ணை” என்றார் இராசநாயகம். “உந்தப் புருசிலை ஒருக்கா மணல் ஏறினால் பிறகு வாற கார் எல்லாத்தையும் கீறும்.”

“நீர் பழைய ஆள்” என்றுவிட்டுச் சிவபாதம் போனார்.

திறப்பு நாளன்று காலை இராசநாயகம் ஒயில் மாற்றுவதற்காகக் காரைச் சிவபாதத்தின் இடத்திலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தார். தீவில் ஒயில் மாற்ற வேறு இடம் கிடையாது. திரும்பி வரும்போது கைதட்டல் கேட்டது. சனத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். சிவபாதமே காரை மிசினுக்குள் ஓட்டிக்கொண்டுபோய் விட்டிருந்தார். அதற்குச் சற்று முன்னர்தான் பரிசோதனைக்கென்று ஒரு மணல் லொறியைக் கழுவியிருந்தார்கள்.

கார் வெளியே வெயிலுக்கு வந்தது. கூரையிலும், என்ஜினை மூடுகிற பொனற்றிலும், கதவுகளிலும் வட்டம் வட்டமாக ஆயிரம் கீறல்கள்.

“என்ன செய்தனீர்?” என்று கேட்டார் இராசநாயகம். அன்றோடு அண்ணை என்ற சொல் அவர் வாயிலிருந்து போய்விட்டது.

சிவபாதம் சனத்தைப் பார்த்துச் சிரித்தார். “வெயிலிலை பாத்தால் எந்தக் காரிலைதான் கீறல் இல்லை? இவருக்குக் கண்ணிலைதான் கீறல்.”

சனமும் சிரித்தது. நானும் அங்கே நின்றேன். சிரித்தேனோ இல்லையோ, இப்போது நினைவில்லை.

அடுத்த நாள் ஒரு கலியாணம். பெண்ணின் தாய் அன்னபூரணம் வாசலில் நின்ற காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பூனை பிறாண்டின மாதிரிக் கிடக்கு. இதிலை என்ரை பிள்ளையை ஏத்தேலாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு கலியாணத்துக்கு ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

திரும்பப் பெயின்ற் அடிக்கச் சொன்னாள் ஞானசவுந்தரி.

“அடிச்சால் அவன் செய்தது அழிஞ்சு போம்” என்றார் அவர்.

பெயின்ற் அடிக்கிற விநாயகமூர்த்தி இராசநாயகத்தின் மைத்துனன். ஒரு பழைய மொறிஸ் மைனர் காரும் வைத்திருந்தான். இராசநாயகம் யாழ்ப்பாணத்தில் கார் உடைக்கிற இடமொன்றில் அந்த மொறிஸுக்குப் பொருந்தும் இரண்டு பொனற் வாங்கினார். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே பெயின்ற் தகரத்திலிருந்து கறுப்பு அடித்தான் விநாயகமூர்த்தி. ஒன்றைத் தன் மொறிஸில் பூட்டி, அவன் ஞாயிறு தோறும் சிவபாதத்தின் மிசினில் கழுவிவர வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றதில் அதே பாதை மணலைத் தூவி, அதே ஞாயிறுகளில் வீட்டிலே இராசநாயகம் கையால் கழுவினார்.

சிவபாதத்துக்கோ பெருமை பிடிபடவில்லை. “பாத்தியளே, இராசநாயகத்தின்ரை சொந்த மைத்துனனே இஞ்சைதான் வாறான்” என்று எல்லாருக்கும் சொன்னார். விநாயகமூர்த்தியின் காரைத் தானே நின்று கழுவுவித்தார்.

“ஒரு பொய்யும் சொல்லக்கூடாது. அவன்ரை கையாலைதான் அவன் விழவேணும்” என்று மனைவியிடம் சொன்னார் இராசநாயகம்.

“கடை எரிஞ்சு வந்த மனுசன், பாவம்.”

“எரிச்சது நானோ?”

பன்னிரண்டாவது ஞாயிறு கழிந்ததும் வேலணைச் சந்தியில், காலை வெயில் நேரே விழுகிற இடத்தில், இரண்டு பனங்குற்றி நட்டு இரண்டு பொனற்றையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒன்றின் கீழே ‘மிசின், 12 தரம்’ என்றும் மற்றதன் கீழே ‘கை, 12 தரம்’ என்றும் எழுதினார். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை. தனது கீறல் விழுந்த காரையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஒரு கதிரையைப் போட்டு நாள் முழுக்க இருந்தார்.

முதலில் வந்து பார்த்தவர் ஊருக்கு வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி பத்திநாதர். அவருடைய வெளிர்நீலக் கார் ஆறு மாதமாக மிசினில் கழுவப்பட்ட கார். இரண்டு பொனற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் காரைச் சூரியனுக்கு நேரே திருப்பி நிறுத்திவிட்டு, மிசின் பொனற்றில் கண்ட அதே வட்டக் கீறல்களை அதிலே தேடி எண்ணினார். அன்று பின்னேரத்துக்குள் அந்தக் கதை ஊர்காவற்றுறைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் மிசினுக்குள் லொறிகள் மட்டும் போயின. அதற்கடுத்த மாதம் ஒன்றும் போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நேரம், சிவபாதம் நடந்து சந்திக்கு வந்தார். மெலிந்துவிட்டிருந்தார்.

“இராசநாயகம், உதுகளைக் கழட்டும். உம்மடை காருக்கு நான் பெயின்ற் அடிச்சுத் தாறன்.”

“பெயின்ற் வேண்டாம்.”

“அப்ப என்னதான் வேணும்?”

“அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை சிரிச்சனீர். இண்டைக்கும் சனம் நிக்குது. சொல்லும்.”

சந்தைக்கு வந்தவர்கள் கூடையோடு நின்றார்கள். சிவபாதம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “கேளாமல் காரை எடுத்தது நான். கெடுத்ததும் நான்” என்றார்.

“கேக்கேல்லை.”

இரண்டாம் முறை சொன்னார்.

“அங்காலை இருக்கிற மீன்காரருக்குக் கேக்கேல்லை.”

மூன்றாம் முறை சொல்லும்போது சிவபாதம் அழுதுவிட்டார். ஞானசவுந்தரி அங்கே மரக்கறி வாங்க வந்திருந்தாள். பையை அப்படியே வைத்துவிட்டு, புருசனின் முகத்தைக்கூடப் பாராமல் வீட்டுக்குப் போனாள். நாலு நாள் அவருடன் பேசவில்லை.

பொனற்றுகளை அன்றே கழற்றினார் இராசநாயகம். சொன்ன சொல் மாறுகிற ஆள் அல்ல. சிவபாதம் மிசினை இரும்புக்கு விற்றுவிட்டு எழுபத்தொன்பது முடிவில் வவுனியாவுக்குப் போனார். அங்கே சைக்கிள் கடை வைத்ததாகக் கேள்வி. அதன் பிறகுதான் விநாயகமூர்த்தி ஒஸ்ரினுக்கு மீண்டும் கறுப்பு அடித்தான். எண்பதில் இரண்டு கலியாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிலே ஒன்று என் தங்கையுடையது.

அந்தக் கலியாணத்தன்று, கார் நிழலில் நின்றபோது, அவரிடம் கேட்டேன்: “அந்தாள் அழுதது உங்களுக்குப் பாவமாய் இருக்கேல்லையோ, அண்ணை?”

துண்டைப் பிழிந்து கதவை ஒருமுறை மேலிருந்து கீழாக இழுத்தார்.

“ஞானமும் இதைத்தான் கேட்டவள். அவளுக்கு ஓம் எண்டு சொன்னனான்” என்றார். “உமக்கு உண்மை சொல்லுறன். அவன் மூண்டாந்தரம் சொல்லேக்கை எனக்கு இனிச்சது. இன்னும் இனிக்குது.”