மூன்றாகச் சேராத முந்திரிக்கொத்து

என் தங்கச்சி மஸ்கட்டில் நர்ஸாக இருந்தாள். அவளுடைய மகள் இங்கே என்னிடம் வளர்ந்தாள். போன வருஷம் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு வந்த தங்கச்சி, தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போகிற ரோட்டில் ஒரு பலகாரக் கடை போட்டாள். கிறிஸ்துமஸுக்குள் வியாபாரம் சூடுபிடித்துக்கொண்டால் இங்கேயே இருந்துவிடுவாள். இல்லையென்றால் திரும்பவும் விமானம்தான். இது பிள்ளைக்கும் தெரியும். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல், "இன்னைக்கு ஆளு வந்தாங்களா பெரியம்மா?" என்றுதான் கேட்கும்.

விளம்பரமெல்லாம் போனில்தான். மார்த்தாண்டத்தில் ஒரு பையன் போஸ்டர் செய்து கொடுத்தான். சுற்றிலும் ரோஜாப்பூ, நடுவில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்'. சர்ச் குரூப், குடும்ப குரூப், ஆபீஸ் குரூப் என்று ஒன்று விடாமல் போட்டேன். ஹார்ட் வந்தது, கும்பிடும் கை வந்தது, பூங்கொத்துகூட வந்தது. ஒரு ஆள் அதை இன்னொரு ஆளுக்கு அனுப்பியிருக்க வேண்டுமே! ம்ஹூம். அதே வாரம் வட்டக்கோட்டைப் பக்கம் யாரோ திறந்த டயர் கடையின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் கார் கிடையாது.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் சோறு இறங்காது. டயர் வீடியோவை அனுப்பிய ஆபீஸ்காரரைப் பிடித்து, "உங்களுக்கு ஏதாவது கமிஷன் உண்டுமா?" என்று கேட்டேன்.

"கமிஷனா! பழைய டயர எப்பிடிக் கண்டுபிடிக்கணும்ணு அந்தப் பய அதுல சொல்லுகாம்லா. நாலு பேருக்கு உபகாரம்."

"உங்ககிட்ட என்ன வண்டி?"

"எனக்கு சைக்கிளு" என்றார், கொஞ்சம்கூட கூசாமல்.

சரி, இவருக்கு ஊருக்கு நல்லது சொன்னவர் என்ற பெயர் வேண்டும். சொந்தக்காரர்களுக்கு என்ன கேடு? நேரே மைனியிடம் போனேன். மைனி என் அண்ணன் பெண்டாட்டி. அவள் போனிலிருந்து காலை வணக்கம் மட்டுமே ஊர் முழுக்கப் போகும்.

"கோவப்படாத, கேட்டியா" என்றாள் மைனி. "நான் போட்டா எனக்க முகத்துக்காண்டி நாலு பேரு வாங்குவாங்க. நாளைக்குப் பலகாரத்துல பழைய எண்ணெ சிக்கு வாடை அடிச்சுண்ணா கடைக்காரிகிட்டயா கேப்பாங்க? எனக்கிட்டல்லா கேப்பாங்க. நான் ஜாமீன் நிக்கணுமா?"

கோபத்தோடு வீட்டுக்கு நடந்தேன். ஒரு கடையை அடுத்தவருக்கு அனுப்புவது ஜாமீன் கையெழுத்து போடுவது மாதிரி என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்களே ஒரு வீடியோ எடுத்தோம். தங்கச்சி முந்திரிக்கொத்து போட்டாள். சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் பாகும் சேர்த்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போடுவது. எங்கள் பக்கம் மூன்று உருண்டைகள் ஒட்டி ஒன்றாக வேக வேண்டும். கல்யாணமானாலும் கிறிஸ்துமஸானாலும் அதுதான் முறை. இவள் ஒன்றொன்றாகப் போட்டாள்.

"ஏட்டி, ஒத்தையால்லா கெடக்கு?" என்றேன்.

"பெட்டியில அடுக்க இதுதான் வசதி. நீ போன ஆட்டாம பிடி."

மறுநாள் மத்தியானத்துக்குள் அந்த வீடியோ போகாத வீடு இல்லை. கூடவே குலசேகரம் பக்கத்து அம்மா ஒருத்தி பேசி அனுப்பிய ஆடியோவும் போனது: "யாருட்டி இவ? இதயா முந்திரிக்கொத்துங்கா? மூணும் சேராத பலகாரத்த எந்தச் சம்பந்தி வீட்டுல கொண்டு வைப்பா? சவம், ஆட்டுப் புழுக்க மாதிரில்லா இருக்கு!"

மைனியும் அதை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். போனைப் போட்டு, "இப்ப மட்டும் எப்பிடி வச்சிய?" என்று கத்தினேன்.

"திட்டுகதுக்கு எதுக்குட்டி ஜாமீன்?" என்றாள் மைனி.

தங்கச்சி கடையை அடைத்துவிட்டு வந்து அழுதாள். நானும் வாய்க்கு வந்தபடி அந்தக் குலசேகரத்துக்காரியைத் திட்டினேன். சாயங்காலம் தங்கச்சியே முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க சொன்னது சரிதான். எனக்குக் கை மறந்துபோச்சு. இத்தன வருஷமா வெளிநாட்டுல ஊசி போட்ட கை. மூணா சேத்துப் போட்டா எண்ணெயில பிரிஞ்சு போவுது. அதனாலதான் ஒத்தையா போட்டேன். தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க."

பெட்டிக்கு வசதி என்று என்னிடம் சொன்னது பொய் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவள் பேசி முடித்ததும் அதை எல்லா குரூப்பிலும் போட்டேன்.

பிறகு வந்த யோசனைகளைச் சொல்லி மாளாது. மாவைக் கெட்டியாகக் கரை, போட்ட உடனே கரண்டியால் கிண்டாதே, தீயைப் பைய வை. அடுத்த நாள் மூன்றும் ஒட்டிக்கொண்டு வெந்து வந்ததைப் படம் பிடித்துப் போட்டோம். யோசனை சொன்ன ஒவ்வொருத்தியும், "நான் சொன்னதாக்கும்" என்று அதை அனுப்பினாள். தன் கை பட்டதற்கு ஜாமீன் நிற்க யாருக்கும் பயமில்லை போலிருக்கிறது. மைனியும்தான்!

ஒரு நாள் வயதான ஒரு அம்மா கடைக்கு வந்து, "எடு பாப்போம்" என்றார். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குலசேகரம்! சண்டைக்குத் தயாரானேன். அவர் ஒரு கொத்தை எடுத்து இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. கடித்தார். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றார்.

தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் விடுவேனா?

"அவ்வளவு திட்டினிய. அவ கை மறந்துபோச்சுண்ணு சொன்ன வீடியோவையும் நீங்கதான் ஊரெல்லாம் அனுப்பினியளாம். அத எதுக்கு அனுப்பினிய?"

அந்த அம்மா வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எனக்க மவ குவைத்துல கெடக்கா. இந்தப் பிள்ள கை மறந்துபோச்சுண்ணு சொன்ன உடனே எனக்கு அவ நெனப்பு வந்துபோச்சு. அவளுக்கும் மறந்திருக்கும்லா? மொதல்ல அவளுக்குத்தான் அனுப்பினேன். பொறவு அவளப் போல வெளிய கெடக்க பிள்ளைய எல்லாத்துக்கும் அனுப்பச் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று தங்கச்சி மெல்லக் கேட்டாள்.

"எனக்காண்டி நீ போய்த் தின்னு பாரும்மாண்ணு சொன்னா. அதான் பஸ்ஸு ஏறி வந்தேன்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆர்டர் வந்ததெல்லாம் குவைத், தோஹா, துபாயிலிருந்துதான். ஒவ்வொன்றும் இங்கே இருக்கிற ஏதோ ஒரு அம்மா வீட்டுக்கு. தங்கச்சி மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு இனி வரவில்லை என்று எழுதிப் போட்டாள்.

பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னோம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கடை வாசலிலேயே எறிந்துவிட்டு விளையாட ஓடிவிட்டது. ஆள் வந்தார்களா என்று கேட்கவே இல்லை.