மாப்பிள்ளைக் கோட்டுக்கு அடித்த தண்ணீர்

மாத்தளையில் ஜுனைதீனுக்குத் தொழில், மாப்பிள்ளைக் கோட்டு வாடகைக்கு விடுவது. கோட்டுகள் மூன்று. ஒன்று மெலிந்தவருக்கு, ஒன்று பருத்தவருக்கு, ஒன்று யாருக்கும் பொருந்தாதது. ஊர் மாப்பிள்ளைமார் பாதிப்பேர் இவற்றுக்குள் புகுந்துதான் குடும்பஸ்தர்கள் ஆனார்கள். மாமனார் போட்ட கோட்டில் மருமகனும் நிக்காஹ் முடித்த கதை உண்டு.

கோட்டு போகிற கல்யாணத்துக்கு ஜுனைதீனும் போவார். யாரும் அழைப்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. மாப்பிள்ளைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கறிக் கோப்பை அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பார்.

கோட்டைத் துவைக்க முடியாது. துவைத்தால் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு மாப்பிள்ளையும் தன் வியர்வையை அதில் விட்டுப் போனான். பூச்சி உருண்டை கிடைத்த காலத்தில் அது அத்தனை வியர்வையையும் அடக்கி வைத்திருந்தது. எழுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றது. பூச்சி உருண்டையும் நின்றது. அலுமாரியைத் திறந்தால் பழைய மாப்பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வெளியே வந்தார்கள்.

அலுமாரி, மனைவி உம்மு குல்தூமின் சீதனம். கீழ்த்தட்டில் அவள் சேலைகள்.

"றமீஸாட வாப்பா, இங்க வாங்க. இந்தச் சாரிய மோந்து பாருங்க."

ஜுனைதீன் மோந்து பார்த்தார்.

"என்ன வாசம்? ஆம்புள வாசம். அதும் எத்தின ஆம்புள! கந்தூரி வீட்டுல எனக்குப் பக்கத்துல ஒத்தியும் ஒக்காரல்ல."

"எல்லாம் நல்ல குடும்பத்துப் புள்ளைகள்தானே."

"வார கல்யாணத்துல கோட்டப் பத்தி யாராச்சும் ஒரு சொல்லு சொன்னா, மூனும் கோழிக் கூட்டுக்குப் போவும். பொறகு அழவேணாம்."

சொன்னால் செய்கிறவள். முன்பு அவருடைய சுருட்டுப் பெட்டி கோழிக் கூட்டுக்குப் போனது. அதில் கோழி அடைகாத்தது. கோழிக் கூட்டில் கிடந்த கோட்டை எந்த மாப்பிள்ளை போடுவான்? ஜுனைதீனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

அவர் யோசித்தார். தெருவில் இருபுறமும் கராம்புக் கடைகள். கடைக்காரர்கள் கூட்டித் தள்ளுகிற கராம்புக் காம்பு, கறுவா நொறுங்கல், வெடித்த ஏலக்காய் எல்லாவற்றையும் ஓலைப் பெட்டியில் அள்ளி வந்தார். தேசிக்காய்த் தோலும், சோற்றுக்கு வாசம் சேர்க்கிற இரம்பை இலையும் சேர்த்துச் சட்டியில் கொதிக்க வைத்து, ஆறியதும் துணியில் வடித்தார். உடுத்திருந்த சாரத்தில் கொஞ்சம் தெளித்துப் பார்த்தார். பழுப்பாகக் கறை விழுந்தது. கோட்டு கறுப்பு. அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

வாசம் தங்க ஸ்பிரிட் கலக்க வேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். ஸ்பிரிட் சாராயத்துக்குச் சொந்தக்காரன்; அதை அடித்த கோட்டில் நிக்காஹ் செல்லுமா? ஜுனைதீன் அதற்குப் பதில் அச்சாறுக்கு விடுகிற வினாகிரியை ஊற்றினார். நுளம்புக்கு மருந்தடிக்கிற கைப்பம்பைச் சாம்பல் போட்டுக் கழுவி, அதில் நிரப்பி, பருத்தவர் கோட்டுக்கு உள்ளும் புறமும் அடித்தார்.

உம்மு குல்தூம் மோந்து பார்த்தாள்.

"வேர்வ வாசம் பெய்த்து. ஆனா வேற ஒன்னும் மணக்கல்லயே."

"எனக்கும் மணக்கல்ல."

மணக்காது. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த மூக்குகள் அவை. மழையை மோப்பம் பிடிக்கும், கருவாட்டை மூன்று வீட்டுக்கு அப்பால் பிடிக்கும், கராம்பு மட்டும் அவற்றுக்கு வெறும் காற்று. இருவருக்கும் இது தெரியாது. ஜுனைதீன் மறுபடி அடித்தார். கல்யாணத்துக்கு முதல்நாள் வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் அலுவிகாரையில், ரவூப் ஹாஜியார் வீட்டில். மாப்பிள்ளை யஹ்யா புத்தளத்துப் பையன், நல்ல பருமன். அவனோடு வந்தவர்களும் உப்புக் காற்றில் வளர்ந்தவர்கள். கல்யாணச் சாப்பாட்டை எண்ணி வழியில் எதையும் தொடாமல் வந்திருந்தார்கள்.

அது அரிசி இல்லாத காலம். கல்யாண வீட்டில் சோறு போட்டால் அரசாங்கத்திடமிருந்து கேள்வி வரும். ரவூப் ஹாஜியார் மரவள்ளிக்கிழங்கு அவித்து, கட்டச்சம்பல் இடித்து வைத்திருந்தார். கிழங்குதான் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னாலேயே சொல்லியும் அனுப்பியிருந்தார்.

யஹ்யா கோட்டைப் போட்டுக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் அவன் மாமா. மாமாவின் மூக்கு முதலில் நிமிர்ந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார்.

"ஹாஜியார், புரியாணி தம்முல ஈக்கிறாப்போல?"

"புரியாணியா? எங்கால? மரவள்ளிதான் மாமா."

"எங்களுக்கு மரவள்ளி. புரியாணி யாருக்கு?"

"அல்லாவே, ஒரு சுண்டு அரிசி இந்த வீட்டுல இல்ல!"

"பொய் செல்ல வேணாங்க. ஏலக்கா மணக்குது, பட்ட மணக்குது, அச்சாறு கூட மணக்குது."

புத்தளத்தார் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோருக்கும் மணத்தது. மாத்தளையார் உறிஞ்சினார்கள். ஒருவருக்கும் மணக்கவில்லை. மாமா குசினிக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தார். கிழங்கு. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். செருப்பு. திரும்பி வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் வாசம் முகத்தில் அடித்தது.

"இங்கதான் எங்கயோ ஒளிச்சி ஈக்கி. புரியாணி வெளிய வரட்டும், பொறகு நிக்காஹ். யஹ்யா, எழும்பு."

நிக்காஹ் எழுத வந்திருந்த லெப்பை பேனாவை மூடினார். ரவூப் ஹாஜியார் அழுகிற நிலையில் இருந்தார். உள்ளே பெண்கள் பக்கத்துத் திரை விலகி, உம்மு குல்தூமின் ஒரு கண் தெரிந்தது. அது ஜுனைதீனைத்தான் பார்த்தது. ஜுனைதீனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் கோட்டு கோழிக் கூட்டுக்கு. திறக்காவிட்டால் ஹாஜியாரின் மகள் கல்யாணம் நின்றுவிடும்.

"அது கோட்டுங்க," என்றார்.

"என்னது?"

"புரியாணி இல்ல. கோட்டு. நான்தான் அடிச்சேன்."

மாமா நம்பவில்லை. யஹ்யாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்து மூச்சை ஆழமாக இழுத்தார். நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

"மாமா," என்றான் யஹ்யா. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். "நான் இதுக்குள்ளயே ஈக்கிறேன். பசி உயிர் போவுது. கெதியா முடிங்க."

நிக்காஹ் கெதியாக முடிந்தது. சஹன் தட்டுகள் வந்தன. ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர். தட்டில் கிழங்கு வெள்ளையாகக் குவிந்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாதான் கூப்பிட்டார்.

"கோட்டுக்கார நானா, அதக் கொஞ்சம் கழட்டி இப்பிடிப் புடிங்க."

ஜுனைதீன் யஹ்யாவிடமிருந்து கோட்டைக் கழற்றி, அதன் தோள்பட்டைகளைப் பிடித்துத் தட்டுக்கு மேலே நிறுத்தினார். மாமா ஒரு துண்டுக் கிழங்கை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"இப்ப சரி."

"மாமா, அங்கயே வெச்சிக்கொள்ளாம இங்கயும் விடுங்க!" என்றது அடுத்த தட்டு.

"நானா, கை மடிப்ப எங்க பக்கம் உதறுங்க!"

ஜுனைதீன் கோட்டோடு தட்டுத் தட்டாகப் போனார். நெய் ஊற்றுகிறவரைப் போல எல்லோரும் அவரை எதிர்பார்த்தார்கள். கிழங்கு மீதமில்லை. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்தும் கோட்டைக் கேட்டு ஆள் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உம்மு குல்தூம் நேராக அலுமாரிக்குப் போனாள். ஜுனைதீன் கோட்டைக் கையில் தொங்கவிட்டபடி வாசலில் நின்றார். கோட்டைப் பற்றிச் சொல் வந்துவிட்டதுதான். அது குறையா, புகழா என்று அவருக்கே தெளிவில்லை.

அவள் கீழ்த்தட்டிலிருந்து சேலைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனாலும் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அதில் அடுக்கினாள்.

"என்ன செய்றீங்க?" என்றார்.

"இதக் கட்டிக்கிட்டுப் போனா எனக்குப் பின்னால ஊரே தட்டோட வரும். அலுமாரிய நீங்களே வெச்சிக்கோங்க."

ஜுனைதீன் மூன்று கோட்டுகளையும், ஒன்றின் மேல் ஒன்று படாமல், தாராளமாக இடம் விட்டு மாட்டினார்.