வராத பங்குக்கு எழுதிய விடுதலை

திருச்சி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நான் பத்திரம் எழுதிய காலத்தில், கட்சிக்காரர்களில் பாதிப்பேர் ஸ்ரீரங்கத்து இந்துக் குடும்பத்தார். தகப்பனார் இருக்கும்போதே பிள்ளை தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

1930களில் ஒரு நாள், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் சவரிமுத்து தன் மகள் ஆரோக்கியத்தோடு வந்தார். அவள் கன்னியர் மடத்தில் சேரப்போகிறாள். அப்பாவின் பாலக்கரை வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும் என்றாள். சவரிமுத்து துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். தாயில்லாமல் வளர்த்த பெண்.

வழக்கமான வாசகத்தைப் போட்டு முத்திரைத்தாளில் எழுதி முடித்தேன். கையெழுத்துக்கு முன் உரக்கப் படித்துக் காட்டுவது என் பழக்கம். ‘தகப்பனார் காலத்துக்குப் பின் எனக்குக் கிடைக்கக்கூடிய பங்கை’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. அட மடையா! இந்துக் கூட்டுக்குடும்பத்தில் ஆண்பிள்ளைக்குப் பிறந்தபோதே பாகம் உண்டு, விடலாம். கிறிஸ்தவக் குடும்பத்தில் தகப்பனார் கண்மூடிய பிறகுதான் பங்கே வருகிறது. வராததை எப்படி விடுவது?

வெட்கத்தோடு தாளை மடித்தேன். “இது செல்லாதும்மா. அப்பா இருக்கிறவரைக்கும் நீ விட்டுக்கொடுக்க ஒண்ணுமில்லை. பின்னால பங்கு வந்தா, அப்ப எழுதலாம்.”

அவள் முகம் வாடிப்போயிற்று. சவரிமுத்து அப்போதுதான் பேசினார்.

“அப்ப என் பொண்ணு பங்கு போயிடலைங்களே?”

“எங்கயும் போகலை” என்றேன்.

மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்த சமயத்தில் சிஸ்டர் உடுப்பில் ஆரோக்கியமே வந்தார். அப்பா தவறிவிட்டாராம். இப்போது பங்கு வந்துவிட்டது, விடுதலையும் செல்லும். எழுதிப் படித்துக் காட்டினேன். பேனாவை வாங்கியவர் கையெழுத்துப் போடுமுன் சொன்னார்.

“முதல் வருஷம் மடத்துல ரொம்ப அழுதேங்க. ஓடி வந்துடலாம்னு இருந்துச்சு. அப்பா பார்க்க வர்றப்பல்லாம் ‘உன் பங்கு இருக்கும்மா’ன்னு மட்டும் சொல்வாரு. திரும்பிப் போக வீடு இருக்குன்னு தெரிஞ்சதாலதான் அங்க இருக்க முடிஞ்சுது.”

மடத்தில் அவருக்கு வேறு பெயர். பத்திரத்துக்குப் பழைய பெயர்தான் வேண்டும் என்றேன். ‘சவரிமுத்து மகள் ஆரோக்கியம்’ என்று நிதானமாக எழுதினார்.

இப்போது பத்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பங்கு வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள். வராத பங்கை எழுதி வாங்காதீர்கள்; அதை நம்பி ஒரு ஜீவன் எங்கோ தைரியமாக இருக்கும்.