அண்ணன் தட்டாத மீன்கள்

எங்கள் அண்ணனின் மூளையைப் பற்றி எங்கேயாவது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருந்தால், அதில் பாதியை எழுதியது என் நகம்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பத்து. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவுக்குப் பக்கத்தில் எங்கள் குப்பம். அண்ணனுக்கு ஆட்டிசம் என்று சென்னையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலோ இவனை வைத்துக்கொள்வது சிரமம் என்று இழுக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா மடிக்கணினியோடு எங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு வந்தார்.

“மனசுல ஒரு விஷயத்த வச்சுக்கிட்டே கைய அடக்க முடியுதான்னு பாக்கறோம்மா. இது பரீட்சை இல்ல,” என்றார் அம்மாவிடம்.

அம்மா தலையாட்டினாளே தவிர நம்பவில்லை. நல்ல மார்க் வந்தால் பள்ளிக்கூடத்தில் காட்டலாம் என்பது அவள் நினைப்பு. தேறாவிட்டால் அண்ணனை எங்கோ விடுதியில் தள்ளிவிடுவார்கள் என்பது என் பயம். தலையில் எண்ணெய் வைக்கவே விடாதவன், கம்பிகள் கோத்த தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டுமே! ஒரு வாரம் அவன் தலையில் ஈரத் துண்டைக் கட்டி, தானும் ஒன்றைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் திரிந்தாள் அம்மா. அவளை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

விளையாட்டு சுலபம். திரையில் மீன் வந்தால் பொத்தானைத் தட்ட வேண்டும், நண்டு வந்தால் சும்மா இருக்க வேண்டும். நான் ஒட்டி உட்கார்ந்தால்தான் அவன் உட்காருவான் என்பதால் என்னையும் விட்டார்கள். தொப்பியோடு உட்கார்ந்த அண்ணன் முதல் மீனைத் தட்டினான். அடுத்ததை விட்டுவிட்டான். அதற்கடுத்ததைத் தட்டினான், மறுபடி ஒன்றை விட்டான். நண்டுகளைத் தொடவே இல்லை. அக்கா தன் திரையைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார். கதவோரம் நின்ற அம்மாவின் முகம் சுருங்கியது.

எனக்குப் பொறுக்கவில்லை. மேசைக்கு அடியில் கையை விட்டு, அவன் மீனை விடப்போகும் ஒவ்வொரு தடவையும் தொடையில் கிள்ளினேன். என்னை ஒரு பார்வை பார்ப்பான், பிறகு தட்டுவான். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “நல்லா பண்ணிட்டான்மா,” என்றார் அக்கா. அம்மா அவருக்கு இறால் வறுத்துக் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் நைனா கூடை நிறைய மடவை மீன் கொண்டுவந்தார். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஓரிடத்தில் இன்று ஒருவர் வலை கட்டினால் நாளை அடுத்தவர் கட்ட வேண்டும்; அடுத்தவர் பாட்டில் மீன் துள்ளினாலும் கை வைக்கக் கூடாது. நைனாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கும் நாள் மாற்றி நாள் பாடு. அன்று எங்களுடையது. அண்ணனோ கூடையிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்துப்போய்ப் பெரியப்பா வீட்டு வாசலில் வரிசையாக வைத்தான்.

“இன்னாடா கண்ணு, எங்கூட்டாண்ட கொண்டாந்து வெச்சிக்கினு கீற?” என்றாள் பெரியம்மா.

“பெரிப்பா பாடு.” அபூர்வமாகப் பேசுகிறவன், அதை மட்டும் தெளிவாகச் சொன்னான்.

“இன்னிக்கு நம்ம பாடுடா. நாளு கூட தெரில இவனுக்கு,” என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். காலையில் மலர்ந்திருந்த அம்மாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

பல வருடம் கழித்து ஒருநாள், பெரியப்பாவின் பாட்டில் மீன் கொத்தாகத் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நைனா கையைக் கட்டி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் வந்த மீன்களில் ஒன்று எங்களுக்கு, அடுத்தது பெரியப்பாவுக்கு. யாருடைய முறை என்பதை மனதில் வைத்துக்கொண்டு அண்ணன் கையை அடக்கியிருந்தான். அந்த அக்கா தேடி வந்ததே அதைத்தான். நான்தான் கிள்ளிக் கிள்ளி அவனை அடுத்தவர் மீனை எடுக்க வைத்தேன். அன்று சாயங்காலம் அதை அவன் திருப்பிக் கொடுத்தான்.

பிள்ளை குழம்பவில்லை என்று அம்மாவிடம் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வாசலில் நான்தான். நானோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தபடி, அவன் வைத்த மீன்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன்.